எழுபத்திரண்டில் ஒரு பங்கு

236 அடி உயரமுள்ள ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரும். அதே கணக்கில், 'விக்ராந்த்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்திலிருந்து 1971 டிசம்பர் போரில் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கப் பறந்த ஸீ ஹாக் என்னும் ஜெட் போர்விமானத்தைச் செய்தால், பதினேழு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக, உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கும் வஸ்துவாகிவிடும். திருச்சியில் இருப்பவருக்கு இவ்விமானம் முற்றும் அந்நியமன்று. அறுபதுகளின் தொடக்கத்தில் நம் கடற்படை விமானங்களுக்குத் தரைத்தளமாக இருந்தது கோயம்புத்தூரை அடுத்த சூலூர்தான்.

இங்கிலாந்தின் ஹாக்கர் கம்பெனியில் சிட்னி காம் என்னும் நிபுணரின் தலைமையில் உருவாகி, 1947-இல் முன்மாதிரியாகப் பறந்த இவ்விமானத்தின் விசேஷம் அதன் புகைபோக்கியில் இருக்கிறது. இதில் பொருத்திய நீன் என்னும் அக்காலத்து ஜெட் யந்திரம் காற்றை மையத்திலிருந்து விளிம்புக்கு வீசி அழுத்தும் ஜாதியாதலால் பருமனானது. அதை உடலின் நடுவில் வைத்து, வால்வரை நீண்ட குழாய் போட்டால் உந்துவிசை விரயமாகுமென்று, வெளிவரும் வாயுவை இரண்டாகப் பிரித்து இறக்கைகள் உடலோடு சேருமிடத்தில் இருபுறமும் விட்டுவிட்டார்கள். பின்பகுதி எரிபொருளுக்குக் காலியாயிற்று. அந்த இரண்டு வாய்களும் சமமாக அமையாத மாதிரி, மற்ற லக்ஷணங்கள் எத்தனை இருந்தாலும், ஸீ ஹாக் ஆகாது.

இதன் மாதிரியைச் செய்ய, பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வருவதை ஒட்டுவது சௌகரியம்தான். ஆயினும் கலியாண முருங்கைக் கட்டையில் செதுக்குவதே என் சிபாரிசு. இரு கட்டைகளை நடுவே காகிதம் வைத்து ஒட்டி, வடிவம் செதுக்கி, உப்புத்தாள் தேய்த்து முடித்தபின் கத்தியை நுழைத்தால் காகிதம் இருக்குமிடத்தில் சுத்தமாகப் பிளக்கும். பிளந்த பாதிகளைக் குடைந்து, மூக்கினுள் தூண்டில்காரர் கட்டும் ஈயக்குண்டு ஒன்றைப் புதைத்து மூடவேண்டும். முன்சக்கரம் கொண்ட விமானமாகையால், அந்தப் பாரமில்லாவிடில் மாதிரி வாலை ஊன்றி உட்கார்ந்துவிடும்.

இறக்கைகளை மேல்நோக்கி மடித்த கோலத்தில் செய்தால் அகலம் ஆறு சென்டிமீட்டருக்குள் அடங்கும். கப்பலின் குறுகிய இடத்துக்காக உண்டான ஏற்பாடு, நம் அலமாரிக்கும் உதவுகிறது. மேலே கருஞ்சாம்பல், அடியில் வெளிறிய பச்சை, பக்கங்களில் மூவர்ண வட்டம் என்று தீட்டலாம். ஆனால் காவிரி மணலை வாரி இறைக்கும் ஆடிக் காற்றில் தூரிகையைத் தொடாதிருப்பது உத்தமம்.