நிலக்கரியும் நிலத்தடி நீரும்

கரியும் நீரும் ஒரே நிலத்தின் அடியில் இருந்தால் எதனைக் காப்பது? தமிழ்நாட்டுக் காவிரிப் படுகையில் 2023ஆம் ஆண்டு இவ்வினா எழுந்தது. வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய பகுதிகளை இந்திய மத்திய அரசு சுரங்கக் குத்தகைக்கான ஏலப் பட்டியலிற் சேர்த்திருந்தது.

அங்குள்ளது பழுப்பு நிலக்கரி. அதனை வெட்டுவது எத்தகையது என்பதை நெய்வேலி காட்டும். நெய்வேலியிற் கரிப்படிவத்தின்கீழ் மணற்படுகையில் நீர் பேரமுக்கத்துடன் அடைபட்டிருக்கின்றது. மேல்மண்ணை அகற்றினால், அந்நீர் சுரங்கத்தின் அடித்தளத்தைப் பிளந்து மேலெழும். ஆகவே, இரவுபகலாக நீரை இறைத்தே கரியை வெட்டுகின்றனர். இறைக்க இறைக்கச் சூழவுள்ள நிலத்தடி நீர்மட்டம் தாழும்.

நெல் விளையும் நாட்டுக்கு இது சிறு இழப்பன்று. 2020ஆம் ஆண்டுச் சட்டம் காவிரிக் கழிமுகத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியிருந்தது. உழவர்களும் மாநில அரசும் எதிர்க்கவே, 2023 ஏப்ரலில் மூன்று பகுதிகளும் பட்டியலினின்று நீக்கப்பட்டன. கரி அடியிலேயே கிடக்கின்றது; மேலே நெல் விளைகின்றது.