துலாவிலிருந்து பம்புக்கு

யாழ் குடாநாட்டின் வலிகாமத்துச் செம்மண்ணில் அன்று தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க மூன்று பேர் வேண்டும். துலாவில் ஏறி முன்னும் பின்னும் மிதிக்க ஒருவர், பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க ஒருவர், பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற ஒருவர். வெயில் ஏறுவதற்குள் கால் ஓய்ந்துவிடும். அதற்கு மேல் கிணற்றிலிருந்து ஒரு பட்டை நீரும் வெளியேறாது. உடலின் களைப்பே நிலத்தடி நீருக்குக் காவலாக இருந்தது. உரம் என்றால் பூவரசங்குழை, மாட்டெரு, இரவில் பட்டி அடைத்த ஆடுகள். மெல்ல மக்கி மெல்லவே பயிருக்குப் போனது.

பிறகு நீர் இறைக்கும் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. அதற்குக் களைப்பில்லை. 1970களின் முற்பகுதியில் வெங்காயம், மிளகாய் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியதும் யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் கை ஓங்கியது. கல்வீடும் பிள்ளைகளின் படிப்பும் அந்த உழைப்பில் வந்தவை. அதை யாரும் குறை சொல்ல முடியாது. யூரியா மூட்டைகளும் கூடவே பெருகின.

ஆண்டு முழுதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுந்தான். சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் மழை இறங்கி, உவர்நீரின் மேல் பாலேடுபோல் தங்கும் நன்னீரே எல்லாருக்கும் கதி. யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறும். பயிர் எடுக்காத மிச்சத்தை மண் பிடித்து வைக்காது. தண்ணீர் பாய்ச்சப் பாய்ச்சக் கீழிறங்கி அதே கிணற்றுக்கு வந்து சேரும். வீட்டு மலக்குழிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தோட்டப்பகுதிக் கிணறுகள் பல அந்த எல்லையைத் தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வருகின்றன. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். அந்த நீரில் கரைத்த பால்மாவைக் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தத்துக்கு ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்துபோகலாம். இதை ஒவ்வொரு தாய்க்கும் சொல்லியாக வேண்டும்.

உரத்தை முற்றாக நிறுத்துவதும் தீர்வாகவில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை இலங்கை அரசு ஒரேயடியாக நிறுத்தியது. விளைச்சல் விழுந்தது; நவம்பரில் தடை விலகியது. மண்ணும் பயிரும் அப்படி ஓரிரவில் மாறுவதில்லை. உரத்தைப் பயிர் கேட்கும் வேளைகளில் பிரித்துப் போடலாம். வாய்க்கால் பாய்ச்சலை விட்டுத் தூவலுக்கும் சொட்டுநீருக்கும் மாறலாம். தூர்ந்த குளங்களை வாரி மாரிமழையை நிலத்துக்குள் இறக்கலாம். இவற்றின் செலவை வெங்காய விலையை நம்பி வாழ்பவரின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல. குடாநாட்டின் கரையோரத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்குப் பணம் கிடைத்தது. கிணற்றைக் கெடாமல் காக்கும் தோட்டக்காரருக்கும் பணம் ஒதுக்கட்டும்.