1 டிபி என்று அட்டையில் எழுதியிருந்தால் போதுமா?

"ஏங்கண்ணு, இணைச்சீரை எங்க காணோம்?" என்று அத்தை கேட்டார். பெரியநாயக்கன்பாளையத்தில் அவர் வீட்டு டிவியில் மகளின் கல்யாண வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. முகூர்த்தக்கால் நட்டதுவரை வந்தது. இணைச்சீர்ச் சடங்கு இருக்க வேண்டிய அடுத்த ஃபைலைத் தொட்டால் கறுப்புத் திரை. பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தேன். ஃபைல் பெயர்கள் வரிசையாக இருந்தன. அளவும் சரியாகவே காட்டியது. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. படம் எடுத்த தம்பி அதற்குள் கேமரா கார்டுகளை அழித்துவிட்டு அடுத்த முகூர்த்தத்துக்குப் போய்விட்டார்.

அட்டையில் 1 டிபி என்று அச்சிட்டிருந்தது. சோதித்தபோது உள்ளே நிஜமாக இருந்தது 8 ஜிபி கூட இல்லை.

பென் டிரைவுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சில்லு என்ன அளவு சொல்கிறதோ, அதைத்தான் கம்ப்யூட்டர் நம்புகிறது. மோசடிக்காரர்கள் அந்தச் சில்லின் நிரலை மாற்றி எழுதிவிடுகிறார்கள். நிஜ இடம் தீர்ந்த பிறகு வரும் தரவை அது வாங்கிக்கொள்வதுபோல் காட்டிவிட்டுக் கைவிடும்; அல்லது பழைய ஃபைலின் மேலேயே எழுதும். ஃபைல் பட்டியல் நினைவகத்தின் தொடக்கத்திலேயே இருப்பதால், பெயர்கள் மட்டும் பிழைத்துக் கிடக்கும். 'காப்பி முடிந்தது' என்ற செய்தியும் வரும். எத்தனையோ வீடுகளில் குழந்தை பிறந்த படங்கள் இப்படித்தான் போகின்றன.

எல்லாக் குறைவும் மோசடி இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அதனால் 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றும், 64 ஜிபி கார்டு 60க்குச் சற்றுக் குறைவாகவும் தெரியும். பட்டறை, மில் ஆபீஸ்களில் பல டிஸ்க்குகளை நெட்வொர்க்கில் கோத்து ஒரே சேமிப்பாக வைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஃபைலும் மூன்று பிரதியாகப் பதியும் அமைப்பில், மொத்தம் 12 டிபி என்று காட்டினாலும் நாம் நிரப்பக்கூடியது 4 டிபிதான். அதை அறியாமல் கணக்குப் போட்டால், பாதி வழியில் இடம் தீர்ந்துவிடும்.

மோசடியைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, முழுவதும் நிரப்பித் திரும்பப் படிப்பது. விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. பெரிய டிரைவுக்குப் பல மணி நேரம் ஆகும், ஆகட்டும். புதிதாக வாங்கியதும், ஒரு படம்கூட ஏற்றும் முன் இதைச் செய்துவிடுங்கள். எஃப்3 கொண்டு நிஜ அளவுக்கு டிரைவைச் சுருக்கவும் முடியும். ஆனால் அதில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள். புகார் கொடுப்பதாக இருந்தால் சுருக்கவே வேண்டாம், அது சாட்சிப் பொருள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி, பொருளின் அளவு, தரம் பற்றிப் பொய் சொல்வது முறையற்ற வணிகம். பில் தராததும் அதில் அடங்கும். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. ஆன்லைனில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். தீராவிட்டால் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்யும் போட்டோகிராபர் கருவி வாங்கினாலும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். "தொழிலுக்கு வாங்கினீங்க, கேக்க முடியாது" என்று கடைக்காரர் சொன்னால் ஏற்காதீர்கள்.

அத்தையின் பென் டிரைவ் அட்டையோடும் பில்லோடும் ஒரு கவரில், பீரோவில் இருக்கிறது. சோதனை முடிவை அச்செடுத்து அதனுடன் வைத்திருக்கிறேன். மனு எழுதி முடித்தாயிற்று, அத்தை கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.