அளவு நாடாவுக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

மணப்பெண்ணின் சட்டை தைக்கும்போது கவனிக்க வேண்டியவை

கலியாணம் என்றதும் எமது வீடுகளில் முதலில் பேசப்படுவது கூறைச் சேலையைப் பற்றித்தான். எந்தக் கடையில் எடுப்பது, என்ன நிறம், கரை எவ்வளவு அகலம் என்றெல்லாம் இரு வீட்டாரும் நாட்கணக்கில் கதைப்பார்கள். ஆனால் சேலை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஐந்தரை மீற்றர் நீளமான அந்தத் துணி மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் பொருந்தும். ஒருத்தியின் உடலுக்கென்றே வெட்டித் தைக்கப்படுபவை, பிளவுஸ் என்று நாம் சொல்லும் சேலைச் சட்டையும் உள்பாவாடையும்தான். மணவறையில் அவள் எப்படித் தோன்றுகிறாள், எவ்வளவு வசதியாக இருக்கிறாள் என்பதெல்லாம் பெரும்பாலும் இவ்விரண்டிலேயே தங்கியுள்ளன. ஆயினும் இவற்றுக்கு அளவு கொடுக்கும் வேலை பல வீடுகளில் கடைசி வாரத்துக்குத் தள்ளப்படுகிறது.

இதற்கு நேரமின்மை மட்டும் காரணமல்ல. 2009இல் யுத்தம் முடிந்தபோது சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று மணப்பெண்களாகி நிற்கிறார்கள். செல் துண்டுகள் உடலிலேயே தங்கிவிட்டவர்கள், எரிகாயத் தழும்பு உள்ளவர்கள், கை அல்லது காலை இழந்தவர்கள் இவர்களுள் இருக்கிறார்கள். அளவு கொடுப்பதென்றால் இன்னொருவர் முன் உடலைக் காட்ட வேண்டும். அந்த ஒரு கணத்துக்கு அஞ்சியே பலர் தாமதிக்கிறார்கள். "அக்கா, முழுக்கை வைச்சுத் தையுங்கோ, கழுத்தையும் மூடி விடுங்கோ, வேற ஒண்டும் கேக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகும் பெண்களைத் தையல் நிலையங்களில் காணலாம். வேறு சிலர் பழைய சட்டை ஒன்றை யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்தப் பழைய சட்டை தோளில் இறுக்கமாக இருந்திருந்தால் கலியாணச் சட்டையும் அதே இடத்தில் இறுக்கும்.

அளவெடுப்பது உடலில் குறை கண்டுபிடிக்கும் வேலையல்ல. உடல் எப்படி இருக்கிறதோ அப்படியே துணிக்குச் சொல்லும் வேலை அது. உண்மையான அளவைத் துணிவுடன் கொடுத்த பெண்ணுக்கே சட்டை அழகாக அமையும்.

கூறை மாற்றும் அந்தச் சில நிமிடங்கள்

சைவ முறைப்படி நடக்கும் எமது கலியாணங்களில் மணமகள் ஒரு சேலையுடன் மணவறைக்கு வருகிறாள். மாப்பிள்ளை கூறைத் தட்டைக் கையளித்த பின் உள்ளே சென்று, கூறையை உடுத்துத் திரும்புகிறாள். அதன் பின்னரே தாலி கட்டப்படுகிறது. ஆகவே இரண்டு சேலைக்கும் இரண்டு சட்டைகள் தேவைப்படலாம். கூறை மாப்பிள்ளை வீட்டாரால் எடுக்கப்படுவதால் அதிலுள்ள சட்டைத் துண்டு சில வேளை மிகவும் பிந்தியே பெண் வீட்டுக்கு வந்து சேரும். குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்னரே அதைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

முகூர்த்த நேரம் நெருங்க நெருங்க உடை மாற்றும் அறையில் அவசரம் கூடும். முதுகில் சிறு கொளுக்கிகளும் கயிறுகளும் நிறைந்த சட்டை அந்த நேரத்தில் பெரும் தொல்லையாகும். முன்பக்கம் கொளுக்கி வைத்த சட்டையை மற்றவர் உதவியின்றியே மாற்றலாம். கையில் பலம் குறைந்தவர்கள் பெரிய கொளுக்கி அல்லது அழுத்தித் தெறி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் உடலைப் புதிதாக யாரும் பார்ப்பதை விரும்பாவிட்டால், அறைக்குள் யார் வரவேண்டும் என்பதை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். அது மணமகளின் உரிமை.

அளவெடுக்கும் முன்னர்

பழைய துணி நாடா இழுபட்டு நீண்டிருக்கும். அடிமட்டத்தோடு வைத்துச் சரிபார்த்த பின்னரே பாவியுங்கள். கலியாணத்தன்று எந்த உள்ளாடை அணிவீர்களோ அதையே அணிந்து, மேலே மெல்லிய சட்டையொன்றுடன் நில்லுங்கள். தடித்த துணிக்கு மேலாக எடுத்த அளவு பிழைக்கும். மூச்சை அடக்காமல், வயிற்றை உள்ளே இழுக்காமல், இயல்பாக நிற்க வேண்டும். ஒருவர் தனக்குத்தானே அளவெடுக்க முடியாது. நம்பிக்கையான ஒருவர் அளக்க, இன்னொருவர் எழுதட்டும். ஒவ்வோர் அளவையும் இரு தடவை எடுங்கள்.

எங்கெங்கே அளப்பது?

மார்புச் சுற்று: மார்பு எடுப்பாக இருக்கும் இடத்தைச் சுற்றி. முதுகுப் பக்கம் நாடா கீழே இறங்கிவிடாமல் மட்டமாக இருக்க வேண்டும்.

மார்பின் கீழ்ச் சுற்று, சட்டை முடியும் இடத்தின் சுற்று: இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

தோள் அகலம்: முதுகுப் பக்கமாக ஒரு தோள் எலும்பின் நுனியிலிருந்து மற்றதன் நுனிவரை. இது பிழைத்தால் சட்டை முழுவதும் பிழைக்கும்.

முன் நீளமும் பின் நீளமும்: கழுத்தடித் தோளிலிருந்து மார்பின் மேலாக ஒன்று, முதுகின் மேலாக ஒன்று. இரண்டும் ஒரே அளவாக இருப்பதில்லை.

மார்பு நுனி: தோளிலிருந்து அது எவ்வளவு கீழே உள்ளது, இரு நுனிகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பவை. டார்ட் எனப்படும் ஒடுக்கத் தையல் சரியான இடத்தில் விழுவதற்கு இவை அவசியம். பல பெண்களிடம் இந்த அளவைக் கேட்பதே இல்லை. சட்டை பொருந்தாமற் போவதற்கு இது முக்கிய காரணம்.

கை நீளம், கைச் சுற்று, அக்குள் சுற்று: கையைத் தொங்கவிட்டு ஒரு தடவை, உயர்த்தி ஒரு தடவை பாருங்கள். மாலை மாற்றக் கை உயரும்போது சட்டை மேலே ஏறக்கூடாது.

கழுத்து ஆழம்: முன்னும் பின்னும்.

எடுத்த சுற்றளவோடு தளர்வுக்காக ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை சேர்த்து வெட்டுவார்கள். அதற்கு மேலதிகமாகச் சட்டைக்குள்ளே இரு பக்கமும் ஓர் அங்குலமாவது துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். கலியாணத்துக்கு முந்திய வாரங்களில் உடல் மெலிவதும் பருப்பதும் வழமை. துணி விட்டிருந்தால் பின்னர் பிரித்துத் தைக்கலாம். உள்ளே வைக்கும் பருத்தி லைனிங் துணியை முதலில் நனைத்துக் காயவைத்து அழுத்திய பின்னரே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் கழுவலிலேயே அது சுருங்கிச் சட்டையை இழுத்துவிடும்.

இப்போது பலரும் விரும்பும் ஆரி வேலைப்பாட்டில், துணியைச் சட்டகத்தில் இழுத்துக் கட்டி வேலை முடித்த பின்னரே வெட்டித் தைப்பார்கள். வேலைப்பாடு முடிந்த சட்டையைத் திருத்துவது கடினம். அத்தகைய சட்டைக்கு முதலில் மலிவான பருத்தித் துணியில் ஒரு மாதிரிச் சட்டை தைத்து அணிந்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

காயம் பட்ட உடலுக்கு

உடலின் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லாதவர்கள் பலர். காயத்தால் ஒரு தோள் இறங்கியிருக்கலாம், ஒரு கை மெலிந்திருக்கலாம். வலம், இடம் என்று இரண்டு பக்கத்தையும் தனித்தனியே அளந்து எழுதச் சொல்லுங்கள். இறங்கிய தோளுக்கு மெல்லிய பஞ்சுத் திண்டு ஒன்றைச் சட்டையின் உள்ளே வைத்துத் தைத்தால் இரண்டும் மட்டமாகத் தெரியும். சத்திரசிகிச்சையால் மார்பை இழந்தவர்களுக்கு லைனிங்கில் சிறு பை வைத்து, கழற்றிக் கழுவக்கூடிய பஞ்சுத் திண்டு வைக்கலாம்.

ஆழமான எரிகாயத் தழும்பில் வியர்வைச் சுரப்பிகள் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். அதன்மேல் நைலோன் துணி பட்டால் வெக்கையும் கடியும் தாங்க முடியாது. அந்த இடத்தில் மெல்லிய பருத்தி லைனிங் இருக்கட்டும். தையல் ஓரங்கள் தோலில் படாதவாறு துணிக்கும் லைனிங்குக்கும் இடையில் மறையட்டும். சரிகையின் பின்பக்கமும் தோலில் உரசக்கூடாது. தழும்பை மறைப்பதா வெளியே விடுவதா என்பது உங்கள் விருப்பம். "ஆட்கள் என்ன சொல்லுவினம்" என்பதற்காக மட்டும் சித்திரை வெயிலில் கழுத்துவரை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

உடலில் செல் துண்டு உள்ளவர்கள், எந்த இடத்தில் அழுத்தினால் நோகும் என்பதைத் தைப்பவரிடம் தொட்டுக் காட்டுங்கள். இடுப்பிலாயின், உள்பாவாடைக்கு நாடாக் கயிற்றைத் தவிர்த்து மூன்று விரல் அகலமான பட்டி வைத்து, கொளுக்கியால் மாட்டலாம். அழுத்தம் ஒரே இடத்தில் விழாது.

செயற்கைக் கால் அணிபவர்கள் அதை அணிந்து நின்றே பாவாடைக்கு அளவு கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்திலிருந்தே பொருத்தப்பட்டு வரும் ஜெய்ப்பூர்க் கால், வெறுங்காலோடு நடக்கவும் நிலத்தில் குந்தவும் ஏற்றதாக 1960களின் பிற்பகுதியில் இந்தியாவில் உருவாக்கப்பட்டது. மணவறையில் வெறுங்காலோடுதான் நிற்போம் என்பதால் வெறுங்காலோடேயே அளவெடுங்கள். இடுப்பிலிருந்து நிலம்வரை வலப்பக்கமும் இடப்பக்கமும் வெவ்வேறாக அளந்து பாருங்கள். பாவாடையின் அடி அகலமாக இருக்கட்டும். சேலைக் கொய்யகம் நிலத்திலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நின்றால் அக்கினியை வலம் வரும்போதும் அம்மி மிதிக்கும்போதும் தடுக்காது. நிலத்தில் இருந்து எழும்புவது கஷ்டமென்றால் கதிரையொன்று வைக்கும்படி ஐயரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளலாம்.

கையொன்றை இழந்தவர்கள் அந்தப் பக்கத்துக் கையைத் தனியே அளந்து, எந்த இடத்தில் முடிய வேண்டும் என்பதைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும். உள்ளே பஞ்சு அடைத்தால் அது விலகி, நாள் முழுவதும் மனம் அதிலேயே இருக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் இருந்தபடியே அளவு கொடுங்கள். இருக்கும்போது சட்டையின் முன்பக்கம் மடிந்து சேரும், பின்பக்கம் மேலே ஏறும். ஆகவே முன் குட்டையாகவும் பின் நீளமாகவும் வெட்ட வேண்டும். இருக்கும் இடத்திலும் முதுகிலும் தடித்த தையலோ கல் வேலையோ வேண்டாம். உணர்ச்சி குறைந்த தோலில் அது புண்ணாகிவிடும்.

கத்தோலிக்கச் சகோதரிகள் வெள்ளைச் சேலையோ கவுணோ அணிவார்கள். கவுணுக்குத் தோளிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து நிலம் என்பவற்றை அன்று அணியும் பாதணியோடு அளக்க வேண்டும். பீடத்தின் முன் முழந்தாளிட வேண்டியிருப்பதால் அணிந்து பார்க்கும்போது முழந்தாளிட்டும் பாருங்கள்.

எடுப்பாகத் தெரிவதற்கு

கழுத்துக் குட்டையானவர்களுக்கு வீ வடிவக் கழுத்து நீளத்தைக் காட்டும். மெலிந்து நீண்ட கழுத்துள்ளவர்களுக்கு உயர்ந்த கழுத்தோ படகுக் கழுத்தோ பொருந்தும். பருத்த கையுள்ளவர்கள் முழங்கைக்குச் சற்று மேலே முடியும் கையைத் தெரிவு செய்யலாம். கைக்கரை மிகவும் அகலமாக இருந்தால் குட்டையானவர்கள் மேலும் குட்டையாகத் தெரிவார்கள்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "கறுத்தப் பிள்ளைக்கு இது எடுபடாது" என்று பெண்ணின் முன்னாலேயே சொல்லும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். அரக்கு, கடும் பச்சை, மஞ்சள், குங்குமச் சிவப்பு எல்லாம் கறுத்த மேனியில் மிக எடுப்பாக இருக்கும். கடையின் மின்வெளிச்சத்தில் நிறம் மாறித் தெரியும். வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் முகத்தருகே பிடித்துப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

மறுமணம் செய்யும் சகோதரிகளுக்கு

யுத்தத்தில் கணவரை இழந்து, நீண்ட காலத்தின் பின் இன்னொரு வாழ்வைத் தேர்ந்தெடுக்கும் பெண்ணிடம், "இரண்டாம் கலியாணத்துக்கு என்ன சோடினை" என்று கேட்கிறார்கள். அவளும் எழுத்தோடு முடிப்போம் என்று அலுமாரியில் கிடந்த சேலையோடு போய்விடுகிறாள். எளிமையை அவளே விரும்பினால் அது நல்லதுதான். ஆனால் நிறத்தையும் பூவையும் ஊருக்குப் பயந்து விட்டுவிடுவது எளிமையல்ல. அவளுடைய உடலுக்கும் புதிதாக அளவெடுத்து, அவள் விரும்பும் நிறத்தில் ஒரு சட்டை தைக்கப்பட வேண்டும். வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களே அதற்கு முன்னிற்கலாம்.

செலவும் காலமும்

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியோடு துணி விலையும் தையற்கூலியும் வெகுவாக ஏறின. சட்டைக்காகக் கடன் எடுக்க வேண்டாம். இரு சேலைக்கும் பொருந்தும் நிறத்தில் ஒரே சட்டையைத் தைக்கலாம். பிந்திய நாட்களிலும் அணியக்கூடியதாக, கல் வேலை குறைத்து, கரையை மட்டும் எடுப்பாக வைக்கலாம். வெட்டு நன்றாக இருந்தால் வேலைப்பாடு இல்லாமலே சட்டை அழகாகத் தெரியும்.

ஆறு வாரத்துக்கு முன் அளவு கொடுத்து, மூன்று வாரத்துக்கு முன் ஒரு தடவையும் கடைசி வாரத்தில் ஒரு தடவையும் அணிந்து பாருங்கள். அணிந்தபடியே இருந்து, எழும்பி, குனிந்து, இரு கைகளையும் உயர்த்திப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் அசையாமல் நின்று பார்ப்பது போதாது.

தைக்கும் சகோதரிகளுக்கும் ஒரு சொல்

எமது பகுதிகளில் தையல் இயந்திரமே பல பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் சீவியம். தைப்பவளும் காயத்தோடு வாழ்பவளாக இருக்கலாம். ஆகவே அவளுடைய கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள். தைப்பவர்களும், அளவெடுக்க மறைவான இடமொன்றை ஒதுக்கி, தொடுமுன் கேட்டு, "இது எப்படி வந்தது" என்று துருவாமல், "எந்த இடத்தில் நோகும்" என்று மட்டும் கேளுங்கள். அறைக்குள் கண்டதும் கேட்டதும் அந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். இந்த நம்பிக்கை ஊரில் பரவினால், பழைய சட்டையைக் கொடுத்தனுப்பும் பெண்கள் தாங்களே உங்கள் படியேறி வருவார்கள்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ கலியாணம் நிச்சயமாகியிருந்தால் அந்தப் பிள்ளையிடம் இன்றே கேளுங்கள்: சட்டைக்கு அளவு கொடுத்தாச்சோ? தயங்கினால், துணைக்கு நீங்களும் கூடப் போங்கள்.