ஆக்கலும் கலைத்தலும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணினி அறிவியல்)

ஆக்குவது அரிது, அழிப்பது எளிது என்பது உலக வழக்கு. ஆனால் கணினி உலகில், கட்டியதை ஒழுங்காகக் கலைப்பதும் கட்டுவதைப் போலவே அரிய செயலாக இருக்கக் காண்கிறோம். இதனை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று நிறுவனங்கள் பலவும் கணினிகளைச் சொந்தமாக வாங்காமல், அமேசான் போன்ற நிறுவனங்களிடம் இணைய வழியே வாடகைக்கு எடுக்கின்றன. கணினி, வலைப்பின்னல், முகவரி, அனுமதி என நூற்றுக்கணக்கான உறுப்புகளைக் கையால் ஒவ்வொன்றாக அமைப்பது பெரும்பாடு. வேண்டியவற்றை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், அதைப் படித்துத் தானே கட்டித்தரும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் பெயர்பெற்றது டெர்ராஃபார்ம். ஹாஷிகார்ப் நிறுவனம் 2014-ஆம் ஆண்டு இதனை வெளியிட்டது. 2023-இல் அதன் உரிம விதிகள் மாறியபோது, திறந்த மூல மென்பொருளாகவே தொடர ஓப்பன்டோஃபு என்னும் கிளை பிறந்தது.

எதை முதலில் கட்டுவது என்று இம்மென்பொருள் எவ்வாறு அறிகிறது? ஓர் உறுப்பின் விவரத்தில் இன்னோர் உறுப்பின் பெயர் வந்தால், முதலாவது இரண்டாவதைச் சார்ந்தது எனக் கொள்கிறது. இச்சார்புகளைக் கோத்தால் கிடைப்பது, கணித நூல்கள் கூறும் சுழற்சியற்ற திசைக் கோட்டுரு. கட்டும்போது எதையும் சாராதது முதலில் எழும். கலைக்கும்போது வரிசை தலைகீழாகும். ஒன்றையொன்று சாராதவற்றை, இயல்பான அமைப்பில் ஒரே நேரத்தில் பத்து வரை, அது செய்யும்.

என் தந்தையார் பந்தல் போடும் தொழிலாளி. கால் நட்டு, குறுக்கு மூங்கில் கட்டி, மேலே கீற்று வேய்வார். பிரிக்கும்போது முதலில் கீற்று, பிறகு மூங்கில், கடைசியில் கால். கோட்டுரு என்ற சொல்லை அவர் கேட்டதில்லை. ஆயினும் அதன் வழியே வழுவாது நடக்கிறார்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். அமேசானின் ஈ.கே.எஸ். என்பது பல கணினிகளை ஒரு தொகுதியாக இயக்கும் சேவை. அத்தொகுதிக்கு ‘ரோல்’ எனப்படும் ஒரு பொறுப்புநிலை வேண்டும். அந்த ரோலோடு சில அனுமதிகளை இணைக்க வேண்டும். தொகுதியின் விவரத்தில் ரோலின் பெயர் உண்டு. அனுமதி இணைப்பிலும் ரோலின் பெயர் உண்டு. ஆனால் தொகுதியும் அனுமதியும் ஒன்றையொன்று பெயர் சொல்வதில்லை. எனவே கலைக்கச் சொன்னால், இரண்டையும் ஒருங்கே கலைக்கத் தொடங்குகிறது மென்பொருள். அனுமதி நொடியில் போய்விடுகிறது. தொகுதி கலையச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள், தான் உருவாக்கிய பாதுகாப்புக் குழு முதலியவற்றை நீக்கத் தொகுதிக்கு உரிமை இல்லாமற் போகிறது. அவை டெர்ராஃபார்மின் கணக்கேட்டிலும் இல்லை. ஆகவே அனாதையாய் எஞ்சுகின்றன. இறுதியில் வலைப்பின்னலை நீக்க முயன்றால், ‘இதை இன்னும் ஒன்று சார்ந்துள்ளது’ என்று பிழை வருகிறது. கீற்றைப் பிரிக்க ஒருவர் மேலே ஏறியிருக்க, ஏணியை எடுத்து வண்டியில் ஏற்றிவிட்ட கதைதான்!

தீர்வு ஒரே வரி. தொகுதியின் விவரத்தில் ‘டிபெண்ட்ஸ் ஆன்’ என்று எழுதி, அனுமதி இணைப்பின் பெயரைக் குறித்தால் போதும். கட்டும்போது அனுமதி முந்தும். கலைக்கும்போது தொகுதி முழுதும் நீங்கிய பின்னரே அனுமதி நீங்கும்.

இதைப் பணச் செலவின்றியே சோதிக்கலாம். நம் ஆய்வகக் கணினியில், வெறும் பெயரளவிலான மூன்று உறுப்புகளை எழுதினேன்: கால், ஏணி, கீற்று. பின்னிரண்டும் காலைச் சார்ந்தவை. கீற்று நீங்க ஐந்து நொடி ஆகுமாறு வைத்தேன். கலைக்கச் சொன்னதும் இரண்டும் ஒன்றாகத் தொடங்கின. ஏணி உடனே மறைந்தது. கீற்றில் அந்த ஒரு வரியைச் சேர்த்து, மீண்டும் கட்டிக் கலைத்தேன். இம்முறை கீற்று நீங்கும் வரை ஏணி காத்திருந்தது.

இச்சிறு வரிக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்று கேட்கலாம். எஞ்சுவன யாவும் பணம் கேட்பவை அல்ல. ஆனால் கேட்பவையும் உண்டு. 2024 பிப்ரவரி முதல் அமேசான், பொது ஐ.பி.வி.4 முகவரி ஒன்றுக்கு மணிக்கு 0.005 டாலர் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. அவ்வாறு ஒரு முகவரி மறந்து கிடந்தால் 30 நாளில் 3.60 டாலர். பெரிய நிறுவனத்திற்கு இது தூசு. கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் வீட்டிற்குத் தூசன்று. நாளை இத்துறையில் பழக விரும்பும் நம்மில் பலர் அத்தகைய வீடுகளிலிருந்து வந்தவர்கள்தாமே!

ஏணி கடைசி வரை வேண்டும் என்பதைத் தொழிலாளிக்கு யாரும் எழுதித் தரவேண்டியதில்லை; அனுபவம் சொல்லிவிடும். இயந்திரத்திற்கோ, எழுதாத சார்பு இல்லாத சார்பே. கைத்தொழிலில் வாய்மொழியாய் வாழும் இத்தகைய அறிவை, இயந்திரமும் உணரும் வண்ணம் எழுதி வைப்பது படிக்க வந்த நம் கடமையன்றோ?