ஐஸ்கிரீமுக்குள் கடலைமிட்டாய் நமுத்துப்போகாமல் இருப்பது எப்படித் தெரியுமா?

முதல் கரண்டி ஏமாற்றம்தான்! குளிர்ச்சி தெரிந்தது, பால் தெரிந்தது, கடலைமிட்டாயைக் காணோம். மதுரையில் ஒரு சின்ன ஐஸ்கிரீம் கடை. பலகையில் 'கோவில்பட்டி கடலைமிட்டாய்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் உள்ளே போயிருந்தேன். "அவசரப்படாதீங்கண்ணே, நாக்குல கொஞ்ச நேரம் வச்சிருங்க" என்றார் கடைக்காரர். வைத்திருந்தேன். பனி உருகியது. அடித்தொண்டை வழியாக மூக்கில் ஏறியது பாருங்கள் ஒரு வாசம்! வறுத்த கடலை, காய்ச்சின வெல்லம், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஜன்னலுக்கு வெளியே நீண்ட கை, அதில் இருந்த பொட்டலம், "ரெண்டா வாங்கிக்கோப்பா" என்ற அம்மாவின் குரல், எல்லாம் ஒரே மூச்சில்!

அவர் ஏன் பொறுக்கச் சொன்னார் தெரியுமா? நம் நாக்கில் இனிப்பை மூளைக்குச் சொல்லும் வழியில் டி.ஆர்.பி.எம்.5 என்றொரு வாயில் இருக்கிறது. குளிரில் அது மந்தமாகிவிடும், சூடேற ஏறச் சுறுசுறுப்பாகும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் இதைக் கண்டுபிடித்தார்கள். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுகிற அளவுக்கு இனிப்பது இதனால்தான். அதில் இருக்கும் சர்க்கரை முதலிலிருந்தே அவ்வளவுதான்! வாசனையின் கதை இன்னும் விசேஷம். பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற சந்திப்பைத் தாண்டித்தான் மற்ற இடங்களுக்குப் போக வேண்டும். வாசனைக்கு மட்டும் அந்தச் சுற்று கிடையாது. உணர்ச்சியும் நினைவும் குடியிருக்கும் பகுதிகளுக்கு அது குறுக்குவழியில் போய்விடுகிறது. அம்மாவின் குரல் கேட்டது சும்மா இல்லை!

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்குத் தெரியும். அது கருப்பட்டிப் பாகில் தொடங்கியது தெரியுமா? 1940களில் அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார்தான் முதலில் செய்தார் என்பார்கள். வெல்லம் பிறகு வந்தது. கரிசல் மண்ணில் விளைந்த கடலை, தாமிரபரணித் தண்ணீர், மேலே ரோஸும் பச்சையுமாகச் சாயமேற்றிய தேங்காய்ப்பூ. அந்தத் தேங்காய்ப்பூவை மட்டும் முதலில் நக்கித் தின்றவர்கள் எத்தனை பேர்!

அந்தக் கடலை இருக்கிறதே, அதன் பூ மண்ணுக்கு மேலே மஞ்சளாகப் பூக்கிறது, காய் மட்டும் மண்ணுக்குள்ளே! பூவில் சூல் பிடித்ததும் அடியிலிருந்து ஒரு காம்பு ஊசிபோல நீண்டு, வளைந்து, மண்ணைத் துளைத்து இறங்கி, இருட்டில் போய்க் காய்க்கிறது. பிறந்த இடமோ தென்னமெரிக்கா. கடல் தாண்டி வந்த பயிர் கரிசல்காட்டின் அடையாளமாகிவிட்டது!

இனி, இதை ஐஸ்கிரீம் ஆக்குவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கொதிக்கிற பாலில் வெல்லத்தைப் போட்டால் என்ன ஆகும் என்று பாயசம் வைக்கிற எல்லோருக்கும் தெரியும். திரிந்துவிடும்! வெல்லத்தில் லேசான புளிப்புத்தன்மையும் உப்புகளும் இருப்பதுதான் காரணம். அதனால் பாலைத் தனியாகக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, வடிகட்டின பாகைப் பிறகு சேர்க்கிறார்கள். வெல்லத்தில் இயல்பாகவே கொஞ்சம் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் உண்டு. எடைக்கு எடை பார்த்தால், தண்ணீரை உறையவிடாமல் இழுத்துப் பிடிப்பதில் சாதாரணச் சர்க்கரையைவிட அவை கெட்டி. வெல்ல ஐஸ்கிரீம் கரண்டியில் அவ்வளவு மிருதுவாக வருவதன் ரகசியம் இது.

ஆனால் பெரிய சண்டை மொறுமொறுப்போடுதான்! கடலைமிட்டாய்ப் பாகின் பதம் பார்ப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் திரட்டி எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வரவேண்டும். அதுவரை கிளறுகிற கை நிற்காது. சத்தம் வந்த கணமே கடலையைக் கொட்டி, பலகையில் தட்டி, கட்டை உருட்டி, சூடு ஆறுவதற்குள் கத்தியால் கோடு போட்டாக வேண்டும். ஆறினால் நொறுங்கிவிடும். அந்தப் பாகில் தண்ணீர் கிட்டத்தட்ட முழுக்க வற்றிவிட்டது. சட்டென்று ஆறுவதால் சர்க்கரை மணிமணியாகக் கட்டாமல் அப்படியே இறுகிவிடுகிறது. இதற்கு விஞ்ஞானத்தில் என்ன பெயர் தெரியுமா? கண்ணாடி! ஜன்னல் கண்ணாடியும் கடலைமிட்டாய்ப் பாகும் ஒரே இனம்!

இந்தக் கண்ணாடிக்கு ஈரம் ஆகாது. மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தாலே பிசுபிசுத்துப்போகும். ஐஸ்கிரீமிலோ பாதிக்கு மேல் தண்ணீர்! பொடித்துக் கலந்தால் சில நாளில் துண்டு கரைந்து, கடலை மட்டும் நமுத்துக் கிடக்கும். அதற்கு என்ன செய்கிறார்கள்? ஒவ்வொரு துண்டுக்கும் கோக்கோ வெண்ணெயிலோ நெய்யிலோ மெல்லிய சட்டை போட்டுவிடுகிறார்கள். கொழுப்பு தண்ணீரை உள்ளே விடாது. என் கிண்ணத்தில் இருந்த துண்டு 'நறுக்'கென்று உடைந்ததே, அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இத்தனை வேலை!

இன்று தெருவுக்குத் தெரு ஐஸ்கிரீம். ஒரு காலத்தில் மெட்ராஸுக்கு ஐஸ் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது தெரியுமா? பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்த பாளங்களை மரத்தூளில் பொதித்து, ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி அனுப்பினார். 1833இல் கல்கத்தாவுக்கு வந்த முதல் சரக்கு கடலில் நான்கு மாதம் கிடந்தது! மெட்ராஸில் அதைச் சேமிக்க 1842இல் கட்டிய கட்டிடம்தான் ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். அதுவே கடற்கரையில் நாம் பார்க்கும் விவேகானந்தர் இல்லம்.

கோவில்பட்டி கடலைமிட்டாய்போலவே, சாதாரணம் என்று நாம் ஒதுக்குகிற வெனிலாவும் ஒரு காலத்தில் மெக்சிகோவின் ஊர்ச்சரக்குதான். ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் 1841இல் அதன் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் வழியைக் காட்டிய பிறகே உலகமெங்கும் பரவியது. வெனிலாவுக்குக் கிடைத்த இடம் கடலைமிட்டாய்க்கும் கிடைக்கட்டுமே!

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டப்பாவில் 'ஐஸ்கிரீம்' என்று போட நம் நாட்டுச் சட்டப்படி குறைந்தது 10 சதவீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும். தாவர எண்ணெயில் செய்தது 'ஃப்ரோஸன் டெசர்ட்' என்ற பெயரில்தான் வரும். கடலைமிட்டாய்ச் சுவைக்கு நல்ல பால் அவசியம். கோன் வேண்டாம், கப்பில் வாங்குங்கள். இரண்டு நிமிடம் பொறுத்து, ஓரம் உருகத் தொடங்கியதும் சாப்பிடுங்கள்.