இந்தக் கல்லைக் கட்டியது யார்?

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா வறள்நிலத்தில், ஸ்ட்ரெல்லி பூல் பாறைகளில், முட்டை அட்டையைப் போலக் கூம்பு கூம்பாக எழுந்த அடுக்குகள் தெரிகின்றன. வயது சுமார் 343 கோடி ஆண்டுகள். ஸ்ட்ரோமடோலைட் என்று இவற்றைச் சொல்கிறோம். 1908இல் ஜெர்மானிய நிலவியலாளர் எர்ன்ஸ்ட் கால்கோவ்ஸ்கி வைத்த பெயர் அது. அதே மாநிலத்தின் ஷார்க் விரிகுடாவில், ஹாமலின் பூலில், இவை இன்றும் வளர்கின்றன. அங்குள்ள நீர் கடல்நீரைவிட ஏறக்குறைய இருமடங்கு உப்பு. பாசியை மேயும் நத்தைகள் அதில் பெருகுவதில்லை. ஒளியை உண்டு ஆக்சிஜன் வெளியிடும் சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் பசை சுரந்து மெல்லிய விரிப்பாகப் படர, அதன்மேல் மணல்துகள் ஒட்டுகிறது. அந்த மணல் ஒளியை மறைத்ததும் நுண்ணுயிர்கள் மேலேறி அடுத்த விரிப்பைப் பரப்புகின்றன. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட உயராது.

பில்பரா கல்லையும் உயிர்தான் கட்டியது என்பது என் முடிவு. ஆனால் உருவம் ஒத்திருப்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. நீரிலிருந்து கனிமங்கள் தாமாகப் படிந்தாலும் இத்தகைய அடுக்குகள் உருவாகலாம் என்று 1996இல் ஆய்வாளர்கள் கிராட்சிங்கரும் ராத்மனும் கணக்கிட்டுக் காட்டினார்கள். நியாயமான மறுப்பு. அதற்கு விடை கூம்பின் சரிவில் இருக்கிறது. களத்தில் குவித்த நெல் ஓர் அளவுக்குமேல் செங்குத்தாக நிற்காது, சரிந்துவிடும்; கடலில் விழும் துகளும் அப்படித்தான். ஸ்ட்ரெல்லி பூலின் கூம்புகளிலோ அதைவிடச் செங்குத்தான சரிவிலும் அடுக்கு தொற்றி நிற்கிறது. பிடித்துவைக்க ஒரு பசை வேண்டுமே! மேலும், அபிகெய்ல் ஆல்வுட் குழு 2006இல் இங்கே ஏழு வகை உருவங்களைப் பிரித்துக் காட்டியது. பழைய கடலோரத்தின் சூழல் மாறும் இடங்களில் உருவங்களும் மாறுகின்றன. வெறும் வேதிப்படிவு இத்தனை வகையாக, சூழலுக்கு ஏற்ப வடிவெடுத்தது என்பதை நம்புவது கடினம்.

கட்டியது சயனோபாக்டீரியாவேதானா? அதை நான் வலியுறுத்த மாட்டேன். ஆக்சிஜன் வெளியிடாமல் ஒளியை உண்ணும் வேறு பாக்டீரியாக்களும் விரிப்பு நெய்யும். காற்றில் ஆக்சிஜன் நிலைத்துச் சேர்ந்ததோ சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பில்பரா கல்லை உயிர் கட்டியது என்பதே எதையும் உயிரென்று சொல்லும் ஆர்வம் என்பாரும் உண்டு. அவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. கிரீன்லாந்தின் இசுவாவில் 370 கோடி ஆண்டுப் பழமையான ஸ்ட்ரோமடோலைட் கிடைத்ததாக 2016இல் நட்மன் குழு அறிவித்தது. அந்தக் கூம்புகளை முப்பரிமாணத்தில் ஆராய்ந்து, அவை பாறை நசுங்கி நெளிந்ததால் வந்த நீள்முகடுகளே என்று 2018இல் மறுத்தவர், பில்பராவில் உயிரைக் கண்ட அதே ஆல்வுட்தான்.